கேட்கப்படும் கேள்வியும் மறைக்கப்படும் கடந்தகாலமும்

1. முன்னுரை

பழனி மலைத்தொடரின் மேல்மலைப் பகுதியில், கோடைக்கானல் நகரினின்று ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது மன்னவனூர். பூம்பாறையைக் கடந்து செல்லும் மலைப்பாதையே இவ்வூரையும், இதற்கு அப்பாலுள்ள கவுஞ்சி, பூண்டி, கிளாவரை முதலிய சிற்றூர்களையும் வெளியுலகோடு இணைக்கின்றது. ஊரையடுத்த ஏரியாலும் புல்வெளியாலும், 1965-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற செம்மறியாட்டு ஆராய்ச்சி மையத்தாலும் மன்னவனூரின் பெயரை அறிந்தோர் பலர். இம்மேல்மலை மக்கள் பூண்டும், உருளைக்கிழங்கும், கேரட்டும், பீன்ஸும் பயிரிட்டு வாழும் உழைப்பாளிகள். இவர்கள் விளைவிக்கும் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

எனினும் இம்மலைகளுக்கு வேறொரு பெயரும் ஏற்பட்டுவிட்டது. கஞ்சாவையும் போதைக் காளானையும் தேடிக் கோடைக்கானலுக்கு வருவோர் பல ஆண்டுகளாகவே உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் சமவெளி நகரங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் வருவோர். வந்தவர் சில நாட்களில் திரும்பிச் சென்றுவிடுகின்றனர். பழக்கமோ இங்கேயே தங்கிவிடுகின்றது. விருந்தினர் விடுதியில் வேலை பார்த்தும், வாகனம் ஓட்டியும், வழிகாட்டியாய் நடந்தும் பிழைக்கும் உள்ளூர் இளைஞன் ஒருவன் அப்பழக்கத்தை ஒரு பருவத்தில் சுவைத்துப் பார்த்திருக்கலாம். அதன் பொருட்டுக் காவல்நிலையப் பதிவேட்டில் அவன் பெயர் ஏறியும் இருக்கலாம். பின்னர் அவன் திருந்துகிறான், உடலைப் பயிற்றுகிறான், தேர்வு எழுதுகிறான். இராணுவம், மத்திய ரிசர்வ் காவல் படை, தமிழ்நாட்டுக் காவல்துறை ஆகியவற்றுள் ஒன்றில் சேர்வதற்கான அழைப்பும் அவனுக்குக் கிடைக்கின்றது. அப்பொழுது அவன் கையில் ஒரு படிவம் தரப்படுகின்றது. நீ எப்பொழுதாவது கைது செய்யப்பட்டாயா, உன்மீது வழக்குத் தொடரப்பட்டதா, நீதிமன்றத்தால் அபராதம் விதிக்கப்பட்டாயா என்று அப்படிவம் கேட்கின்றது. ஆம் என்பதா, இல்லை என்பதா? ஒரு குடும்பத்தின் எதிர்காலம் முழுவதும் அவ்விரு சொற்களுக்கிடையே நின்று நடுங்குகின்றது.

இவ்வினாவோடு திருச்சபையின் ஊழியர்களிடம் வரும் இளைஞரும் பெற்றோரும் உண்டு. நன்னடத்தைச் சான்றில் ஒப்பமிட வேண்டுமென்று அவர்கள் நம்மைக் கேட்பதும் உண்டு. ஆகவே இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று. கடந்தகாலத்தைப் பற்றி அரசுகள் எவ்வாறு கேட்டுவந்துள்ளன, மனிதர் எவ்வாறு விடையளித்துள்ளனர், அவ்விடைகள் எவ்வாறு எடைபோடப்பட்டன என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்ந்து, அதனின்று நமக்குரிய தெளிவைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. செடி ஒன்று, சட்டங்கள் பல

இன்று குற்றமெனக் கருதப்படும் கஞ்சா, நம் நாட்டில் எக்காலத்தும் குற்றமாகக் கருதப்படவில்லை என்பதை முதலில் நினைவிற்கொள்ளுதல் நலம். பிரிட்டிஷ் ஆட்சியில் அது வரி விதிக்கப்பட்டு, உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்ட பொருள். அவ்விற்பனையைப் பற்றி 1893-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் மக்கள் அவையில் வில்லியம் கெயின் என்னும் உறுப்பினர் வினா எழுப்பினார். அவர் மதுவிலக்கு இயக்கத்தில் ஈடுபாடு மிக்கவர். அதன் விளைவாக இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் என்று வழங்கப்பெற்ற குழு அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்டது. மாக்வொர்த் யங் அதன் தலைவர். உறுப்பினர் எழுவருள் மூவர் இந்தியர். சென்னை உட்பட நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று, 1,193 சாட்சிகளிடம் வாக்குமூலம் பெற்று, 1894-இல் ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. சாட்சியளித்தோருள் அலுவலரும் மருத்துவரும் மட்டுமன்றி மிஷனெரிமாரும் இருந்தனர். அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கு விளைவதில்லை என்றும், மிகுதியாகப் பயன்படுத்துவது தீங்கென்றும், முழுத்தடை தேவையில்லை, கட்டுப்பாடே தகும் என்றும் ஆணையம் முடிவு கூறிற்று.

பின்னர்க் காற்று வேறு திசையில் வீசியது. 1930-இல் அபாயகர மருந்துகள் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை 1937-இல் மதுவிலக்குச் சட்டத்தைக் கொணர்ந்து, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் அதனை நடைமுறைப்படுத்தியது. அச்சட்டம் மதுவை மட்டுமன்றிப் போதைப் பொருள்களையும் தன் வரம்பினுள் கொண்டிருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1961-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் சார்பில் உருவான உடன்படிக்கை, மருத்துவமல்லாத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்க வேண்டுமென்று காலக்கெடு விதித்தது. அதற்கிணங்க இந்திய நாடாளுமன்றம் 1985-இல் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தை இயற்றிற்று. அவ்வாண்டு நவம்பர் 14 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கஞ்சாச் செடியின் பூக்கும் முனைகளும் காய்க்கும் முனைகளும் இச்சட்டத்தின்படி கஞ்சாவாகும். தனித்து எடுக்கப்பட்ட இலை அவ்வரையறையில் அடங்காது. கோடைக்கானலில் பேசப்படும் போதைக் காளானின் உட்பொருளாகிய சைலோசைபின் இச்சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று. குற்றத்தின் எல்லைக்கோடு காலத்துக்குக் காலம் இடம் மாறியுள்ளது. ஒரு தலைமுறை கடையில் வாங்கியதை மறு தலைமுறை மறைத்து வாங்குகின்றது. ஆனால் கையொப்பமிட்டு உரைக்கும் பொய்யின் எல்லைக்கோடு அவ்வாறு மாறவில்லை. உரிமக் கடை இருந்த காலத்தும் பொய்ச்சாட்சி பொய்ச்சாட்சியாகவே இருந்தது. இன்றும் அவ்வாறே இருக்கின்றது. பழைய செயலையும் இன்றைய விடையையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதே இப்பொருளைப் பற்றிய தடுமாற்றங்களுக்கெல்லாம் வேர் என்று நாம் கருதுகிறோம்.

3. படிவத்தின் கட்டம் உரைத்த பொய்

மேற்கூறிய ஆணையத்தின் ஆராய்ச்சியில் நம் பொருளுக்கு மிகவும் நெருங்கிய பகுதி ஒன்று உண்டு. கஞ்சா பித்துப்பிடிக்கச் செய்யும் என்னும் கருத்து அக்காலத்தில் பரவலாயிருந்தது. மனநோய் விடுதிகளின் பதிவேடுகளே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. ஆணையம் அப்பதிவேடுகளை அப்படியே ஏற்றுக்கொள்ளாது, 1892-ஆம் ஆண்டின் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் மூலத்தை ஆராய்ந்தது. அப்பொழுது வெளிப்பட்ட உண்மை வியப்புக்குரியது. நோயாளியை விடுதிக்கு அனுப்பும்பொழுது நிரப்ப வேண்டிய தாளில் நோயின் காரணம் என்றொரு கட்டம் இருந்தது. காரணம் தெரியாத இடத்தும் அக்கட்டத்தை வெறுமையாய் விட முடியவில்லை. ஆகவே போதிய விசாரணையின்றி, அனுப்பிய காவலர் முதலியோர் கஞ்சா என்று எழுதிவிட்டனர். விடுதியிலிருந்தோர் அதனைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டனர். பதிவேட்டைப் பார்த்து ஆண்டறிக்கை எழுதப்பட்டது. ஆண்டறிக்கை பொதுக்கருத்தாயிற்று.

கேட்பவர் அக்கறையின்றிக் கேட்டால், விடையளிப்பவர் அக்கறையின்றி விடையளிப்பார். அப்பொய் காலப்போக்கில் உண்மையின் ஆடையை உடுத்துக்கொள்ளும். இன்றைய இளைஞன் தன் படிவத்தில் இல்லை என்று எழுதுவதற்கும், அன்றைய காவலர் கஞ்சா என்று எழுதியதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரும் எது உண்மை என்று எண்ணவில்லை. எதை எழுதினால் தாள் நகரும் என்றே எண்ணினர். ஆகவே உண்மையுரைத்தல் விடையளிப்பவரின் கடமை மட்டுமன்று. கேள்வியைத் தெளிவாகவும் நேர்மையாகவும் கேட்பதும் உண்மையின் ஒரு பகுதியேயாகும்.

4. பாதுகாப்பு அனுமதி என்னும் ஏற்பாடு

அரசின் இரகசியங்களைக் கையாளும் பணிகளுக்கு ஒருவரின் முன்வாழ்வை ஆராய்ந்து அனுமதி வழங்கும் முறை, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விரிவாக வளர்ந்தது. அங்குக் குடியுரிமை பெற்ற தமிழர் பலரும் இன்று பொறியியல், கணினித் துறைகளில் பணியாற்றுவதால் இம்முறை நம்மவருக்கும் தொடர்புடையதாகியுள்ளது.

1953-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதிபர் ஐசனோவர் பிறப்பித்த 10450-ஆம் ஆணை, அரசுப் பணியாளரைப் பற்றி ஆராய வேண்டியவை எவையென வரிசைப்படுத்திற்று. போதைப்பொருளுக்கு அடிமையாதல் அவ்வரிசையில் இருந்தது. வேண்டுமென்றே பொய்யுரைத்தலும், முக்கியமான உண்மைகளை விட்டுவிடுதலும் அதே வரிசையில் தனியாக இடம்பெற்றிருந்தன. பிறருடைய வற்புறுத்தலுக்கு ஒருவர் ஆளாகக்கூடும் என்று எண்ணச் செய்யும் செய்திகளும் அவ்வாறே தனியாகக் குறிக்கப்பட்டிருந்தன. இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் அம்முறையின் உட்கருத்து விளங்கும். மறைத்து வைக்கப்பட்ட கடந்தகாலம் ஒருவனுடைய கழுத்தில் கட்டப்பட்ட கயிறு போன்றது. அதன் மறுமுனை யார் கையில் சிக்குகிறதோ அவர் இழுத்த பக்கம் அவன் போக வேண்டியதாகும். வெளிப்படையாகச் சொல்லப்பட்ட கடந்தகாலத்துக்கு அத்தகைய கயிறு இல்லை. ஆகவேதான் பழைய தவற்றைவிட அதனை மறைப்பதையே அம்முறை மிகுதியும் அஞ்சுகின்றது.

அந்நாட்டில் நெடுங்காலம் வழங்கிவரும் எஸ்.எப். 86 என்னும் படிவம், கடந்த ஏழு ஆண்டுகளில் சட்டத்திற்குப் புறம்பாகப் போதைப்பொருளைப் பயன்படுத்தியதுண்டா என்று நேரடியாகவே வினவுகின்றது. அதே பகுதியில், உண்மையாக அளிக்கப்படும் விடை பின்னர்க் குற்ற வழக்கில் அவருக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்தப்படாது என்னும் உறுதியும் தரப்பட்டுள்ளது. பொய்யான விடைக்கோ ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 2017-இல் நடைமுறைக்கு வந்த மதிப்பீட்டு நெறிகள், தனியொரு செயலை மட்டும் பாராது மனிதனின் முழுமையையும் பார்க்க வேண்டும் என்று கூறுகின்றன. எவ்வளவு காலத்திற்கு முன் நடந்தது, எத்தனை முறை நடந்தது, மனமாற்றம் உண்டா என்பன ஆராயப்படுகின்றன. முன்பு மரிஜுவானா பயன்படுத்தியது கருத்திற்கொள்ளத்தக்கது, ஆயினும் அதுவே முடிவைத் தீர்மானிப்பதன்று என்று 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் விளக்கமளித்தார்.

பொதுவாழ்விலும் அந்நாடு இவ்வழியே நடந்து கற்றது. 1987-இல் உச்சநீதிமன்றத்துக்குப் பெயர் குறிக்கப்பட்ட டக்ளஸ் கின்ஸ்பர்க், சட்டப் பேராசிரியராயிருந்த காலத்திலும் மரிஜுவானா புகைத்தது வெளிப்பட்டபின் விலகிக்கொண்டார். நான்காண்டுகள் கழித்து 1991-இல் அதே நீதிமன்றத்துக்குப் பெயர் குறிக்கப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் தம் மாணவப் பருவத்தில் அதனைப் பயன்படுத்திப் பார்த்ததாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அது அவர் பதவியேற்பதைத் தடுக்கவில்லை. 1992-இல் பில் கிளிண்டன், புகையை உள்ளிழுக்கவில்லை என்று கூறிய பாதி விடை, பல ஆண்டுகள் நகைப்புக்கு இடமாயிற்று. பராக் ஒபாமாவோ 1995-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் இளமைக்காலப் போதைப் பழக்கத்தைத் தாமே எழுதிவிட்டார். 2008-இல் மக்கள் அவரை அதிபராகத் தேர்ந்தெடுத்தனர். பாதி உண்மை கிளிண்டனை நெடுங்காலம் தொடர்ந்து வந்தது. ஒபாமா தாமாகவே முழுவதையும் எழுதிவிட்டமையால், பிறர் கண்டுபிடித்து வெளியிட எஞ்சியது ஒன்றுமில்லை.

5. இந்திய உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கு அரசுப் பணிக்குத் தேர்வு பெற்றவர் நிரப்பும் உறுதிமொழிப் படிவம், போதைப்பொருளைப் பயன்படுத்தியதுண்டா என்று கேட்பதினும், கைது, வழக்கு, தண்டனை, அபராதம் ஆகியவற்றைப் பற்றியே கேட்கின்றது. பொய்யுரைத்தாலும் மறைத்தாலும் பணிக்குத் தகுதியற்றவராவார் என்னும் எச்சரிக்கை அப்படிவத்தின் தலைப்பிலேயே உள்ளது. மறைத்தவர்களின் வழக்குகள் பல உச்சநீதிமன்றம் வரை சென்றுள்ளன. அவற்றுள் மூன்றை ஈண்டு நோக்குவோம். இவை போதைப்பொருள் வழக்குகளல்ல. எனினும் இவற்றில் வகுக்கப்பட்ட நெறியே எல்லா வழக்குகளுக்கும் பொருந்துவதாகும்.

முதலாவது, 2003-ஆம் ஆண்டின் தீர்ப்பு. கேந்திரிய வித்யாலயாவில் உடற்கல்வி ஆசிரியராக நியமனம் பெற்ற ஒருவர், தம்மீது வழக்கு நிலுவையில் இருக்க, இல்லை என்று எழுதினார். இந்தி வழியில் பயின்றமையால் ஆங்கிலப் படிவத்தின் வினா தமக்கு விளங்கவில்லை என்று பின்னர் வாதிட்டார். அவ்வழக்கை அரசே பிற்பாடு திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆயினும் நீதிமன்றம் அவருடைய பணிநீக்கத்தை உறுதி செய்தது. குற்றம் எத்தகையது என்பதன்று, உண்மையை மறைத்தாரா என்பதே வினா என்று நீதிமன்றம் கருதிற்று. ஆங்கிலப் படிவங்களைப் பிறர் உதவியோடு நிரப்பும் நம் மலையூர் இளைஞர் இத்தீர்ப்பை நன்கு கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நீதியரசர்கள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் வழங்கிய தீர்ப்பு. தில்லிக் காவல்துறையில் தலைமைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர், ஏறத்தாழ இருபது வயதில் ஓர் அடிதடி வழக்கில் சிக்கி, சமரசத்தால் விடுதலை பெற்றவர். விண்ணப்பத்தில் அதனை மறைத்தார். தேர்வுகள் அனைத்திலும் வெற்றி பெற்றபின், உறுதிமொழிப் படிவத்தில் தாமே வெளிப்படுத்தினார். உண்மையைச் சொன்னால் தானாகவே தகுதியிழப்போம் என்னும் அச்சத்தால் அவர் முன்பு மறைத்திருக்கலாம் என்று நீதியரசர்கள் இரங்கினர். இளமையின் தவறுகளை மன்னித்துத் திருத்த வேண்டுமேயன்றி வாழ்நாள் முழுவதும் முத்திரை குத்துதல் ஆகாது என்றனர். ரொட்டி திருடியதற்காக வாழ்நாளெல்லாம் திருடனென்று துரத்தப்பட்ட ழான் வால்ழானை அவர்கள் தீர்ப்பில் நினைவுகூர்ந்தனர். விக்டர் ஹ்யூகோ படைத்த அப்பாத்திரத்தைச் சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பு வழியாகவும், 1950-இல் வெளிவந்த ‘ஏழை படும் பாடு’ திரைப்படத்தின் வழியாகவும் தமிழ் மக்கள் நன்கறிவர்.

இவ்விரு போக்குகளும் ஒன்றோடொன்று முரணாய்த் தோன்றியமையால், மூன்று நீதியரசர் கொண்ட ஆயம் இப்பொருளை ஆராய்ந்தது. ரஞ்சன் கோகோய், அருண் மிஸ்ரா, பிரபுல்ல சந்திர பந்த் ஆகியோர் அமர்ந்த அவ்வாயம், அவதார் சிங் வழக்கில் 2016 ஜூலை 21-ஆம் நாள் தீர்ப்பளித்துப் பதினொரு நெறிகளை வகுத்தது. அவற்றின் சாரம் வருமாறு: அளிக்கும் செய்தி உண்மையாயிருத்தல் வேண்டும், மறைத்தலோ பொய்யோ கூடாது. எனினும் மறைக்கப்பட்டது இளமையில் முழக்கமிட்டது போன்ற சிறு குற்றமாயின், பணியளிப்பவர் தம் விருப்புரிமையால் அதனைப் பொருட்படுத்தாது விடலாம். கேள்வி குறிப்பானதாய் இருத்தல் வேண்டும். தெளிவாகக் கேட்கப்படாத ஒன்றைச் சொல்லாததற்காக ஒருவரைக் குற்றவாளியாக்குதல் தகாது. நிலையான பணியாளரை நீக்குமுன் துறைவழி விசாரணை நடத்த வேண்டும்.

இத்தீர்ப்பின் மற்றொரு கூறை நாம் மறைத்தலாகாது. முடிந்துபோன வழக்கை ஒருவர் உண்மையாகவே தெரிவித்தாலும், அவருடைய முன்நடத்தையை ஆராயும் உரிமை பணியளிப்பவருக்கு உண்டு; அவரையே நியமிக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்த இயலாது. உண்மை சொன்னவன் வேலையை இழக்கவும் கூடும். தமிழ்நாட்டுக் காவல் சார்நிலைப் பணிக்குரிய விதிகளோ, ஐயத்தின் பயனால் விடுதலை பெற்றவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதும் கடுமை உடையவை. ஆகவே உண்மை சொல், எல்லாம் நன்றாய் முடியும் என்று நம் இளைஞர்க்கு எளிதாய் வாக்களிக்க நமக்கு உரிமையில்லை.

6. கேட்கப்படுவது எது?

இந்நிலையில் இளைஞருக்கும் பெற்றோருக்கும் சில தெளிவுகள் தேவைப்படுகின்றன.

முதலாவதாக, சிறு அளவு கஞ்சாவோடு பிடிபட்டவன் பலருடைய அறிவுரையின்படி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு, வழக்கு முடிந்தது என்று வீடு திரும்புகிறான். நம் சட்டத்தில் கஞ்சாவுக்குச் சிறு அளவென்பது ஒரு கிலோகிராம் வரை ஆகும். அதற்கு ஓராண்டு வரை கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அபராதம் கட்டியதோடு பணத்தின் கணக்கு முடிகின்றது. குற்றத்தீர்ப்பு பதிவேட்டில் நிற்கின்றது. படிவம் அபராதத்தைப் பற்றித் தனியே கேட்பதால், அவன் இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். ஒப்புக்கொள்ளுமுன் வழக்கறிஞரைக் கலந்துகொள்வதும், தீர்ப்பின் நகலைப் பெற்றுப் பத்திரப்படுத்துவதும் இன்றியமையாதன.

இரண்டாவதாக, அடிமைப்பட்டவன் ஒளிந்து வாழ வேண்டும் என்று சட்டம் விரும்பவில்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்திற்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்திற்கோ ஆளான அடிமை ஒருவன், அரசு ஏற்பு பெற்ற மருத்துவ நிலையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெறுவானாயின், அவனுக்கு வழக்கினின்று விலக்களிக்கின்றது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். தன் நோயை ஒப்புக்கொள்பவனுக்குச் சட்டமே திறந்து வைத்துள்ள கதவு இது.

மூன்றாவதாக, பதினெட்டு வயது நிரம்பாத பருவத்தில் நிகழ்ந்த குற்றத்தைப் பற்றி 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் தனி நெறி வகுத்துள்ளது. அச்சட்டத்தின்கீழ் நடவடிக்கைக்கு ஆளான சிறாருக்கு அதனால் தகுதியிழப்பு நேராதென்று 24-ஆம் பிரிவு கூறுகின்றது. கொடுங்குற்றங்களில் பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் சிலர் மட்டும் இதற்கு விலக்கு. அத்தகையோர் படிவத்தை நிரப்புமுன் இச்சலுகையை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

நான்காவதாக, கேட்கப்படாததைச் சொல்லாதிருப்பதும், கேட்கப்பட்டதற்குப் பொய்யுரைப்பதும் ஒன்றல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் கான்சென்டியஸ் என்பவருக்குப் பொய்மையை மறுத்து எழுதிய நூலில் அகுஸ்தீன் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துள்ளார். நற்காரியத்துக்காகவும் பொய் சொல்லலாகாது என்பதில் கண்டிப்பாயிருந்த அவரே, உண்மையைச் சொல்லாது அமைதியாயிருப்பது பொய்யாகாது என்றார். வழக்கைப் பற்றி மட்டும் கேட்கும் படிவத்தில், ஒருகாலத்தில் நண்பரோடு புகைத்ததையெல்லாம் எழுத வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் நேர்முக விசாரணையிலோ மருத்துவச் சோதனையிலோ அதுவே நேராகக் கேட்கப்படின், அங்கு அமைதி என்னும் அடைக்கலம் முடிந்துவிடுகின்றது.

7. சான்றளிப்போரின் பொறுப்பு

இதுகாறும் விடையளிப்பவனைப் பற்றிப் பேசினோம். அவனைச் சூழ்ந்திருப்போர்க்கும் பொறுப்புண்டு. பெரும்பாலும் இளைஞன் தனியாகப் பொய் சொல்வதில்லை. இதையெல்லாம் எழுதாதே என்று சொல்லும் உறவினரும், யாருக்குத் தெரியப்போகிறது என்று தேற்றும் நண்பரும், எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டு நிரப்பித் தரும் கடைக்காரரும் அப்பொய்யில் பங்காளிகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போன்றதே இது. பெயரும் ஊரும் காவல்நிலைய எல்லையும் எழுதப்பட்ட படிவம் அதே காவல்நிலையத்துக்கே சரிபார்ப்புக்குச் செல்கின்றது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

போதகரும் ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் அளிக்கும் நன்னடத்தைச் சான்றும் ஒரு சாட்சியமே. நாம் அறியாததை அறிந்ததாகவும், அறிந்ததை அறியாததாகவும் அதில் எழுதுதல் ஆகாது. ஆனால் உண்மையான சான்று கடுமையான சான்றாய்த்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இவ்விளைஞன் முன்பு தவறினான், இன்ன ஆண்டு முதல் அப்பழக்கத்தை விட்டான், இத்தனை ஆண்டுகளாக அவனை நாம் நேரில் அறிவோம் என்று எழுதும் சான்று, குற்றமற்றவன் என்று அச்சிட்டாற்போல் எழுதப்படும் சான்றைவிட எடைமிக்கது. முழு மனிதனையும் நோக்க விரும்பும் அதிகாரிக்கு அதுவே பயன்படும். அத்தகைய சான்றை எழுத வேண்டுமாயின், இளைஞர் தம் தவற்றை அஞ்சாது சொல்லக்கூடிய இடமாக நம் சபைகள் முதலில் இருத்தல் வேண்டும். போதையில் விழுந்தவனின் வீட்டை ஊரே விரல் சுட்டும் இடத்தில் படிவத்தில் மட்டும் உண்மையை எதிர்பார்ப்பது எங்ஙனம்? வீட்டிலும் சபையிலும் உண்மைக்குத் தண்டனை மட்டுமே கண்டவன், அரசின் முன் உண்மை சொல்லத் துணிய மாட்டான்.

கேள்வி கேட்கும் அரசுக்கும் இதே அறம் உண்டு. படிவம் தமிழிலும் தரப்படுமாயின், வினா தெளிவாயிருக்குமாயின், உண்மை சொன்னோர் எவ்வாறு நடத்தப்படுவர் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படுமாயின், மறைப்போர் தொகை குறையும். சொன்னாலும் நீக்கம், மறைத்தாலும் நீக்கம் என்று நடைமுறை அமையுமிடத்தில் அரசு தன்னையறியாமலேயே பொய்யைக் கற்பிக்கின்றது.

8. முடிவுரை

1893-ஆம் ஆண்டின் ஆணையம் முதல் 2016-ஆம் ஆண்டின் தீர்ப்பு வரை நாம் கண்ட வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒன்று தெளிவாகின்றது. படிவம் கேட்பது ஒருவன் எக்காலத்தும் மாசற்றவனாயிருந்தானா என்பதன்று. இன்று அவனுடைய சொல்லை நம்பலாமா என்பதே. பதினெட்டு வயதில் அறியாமையால் செய்த செயலுக்கு இளமை என்னும் சாக்கு உண்டு. காலம் கடந்தது என்னும் ஆறுதல் உண்டு. சட்டங்களே மாறியுள்ளன என்னும் வரலாறும் உண்டு. இருபத்திரண்டு வயதில் பேனாவை எடுத்து எழுதும் பொய்க்கு இவற்றுள் எதுவுமில்லை. அது பழைய குற்றத்தின் தொடர்ச்சியன்று; புதிதாய்ச் செய்யப்படும் செயல்.

உண்மை சொன்னவன் அவ்வேலையை இழக்கலாம் என்று முன்னரே கூறினோம். அவ்விழப்பு சிறிதன்று, மலையூரின் ஏழைக் குடும்பத்துக்கு அது பேரிழப்பு. ஆயினும் அவன் இழப்பது அவ்வொரு வேலையை. பொய் சொல்லிச் சேர்ந்தவனோ ஒவ்வொரு பதவி உயர்வின்போதும், ஒவ்வொரு முறை கோப்பு திறக்கப்படும்போதும், தன்னை அறிந்த ஒருவன் எதிரில் வரும்போதும், அவ்வேலையை மீண்டும் மீண்டும் மனத்துள் இழந்துகொண்டே வாழ வேண்டியவனாகிறான். பத்தாண்டுப் பணிக்குப்பின் உண்மை வெளிப்பட்டு வீதிக்கு வருவது, முதல்நாளே திரும்பிவிடுவதினும் கொடியது. அப்பொழுது அவனோடு மனைவியும் மக்களும் வீதிக்கு வருவர்.

ஆகவே மன்னவனூரிலும் அதுபோன்ற ஊர்களிலும் படிவத்தைக் கையில் ஏந்தி நிற்கும் இளைஞருக்கு நாம் கூற வேண்டுவது: வினாவை முழுமையாக வாசித்து விளங்கிக்கொள்ளுங்கள், விளங்காவிடில் அறிந்தோரைக் கேளுங்கள், வழக்கின் தாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்கப்பட்டதற்கு உள்ளதை உள்ளவாறே எழுதி, அதன்பின் திருந்திய வாழ்வுக்குரிய சான்றுகளையும் இணையுங்கள். அவ்வாறு எழுதுபவனுக்கு அருகே நின்று, அவனுடைய இன்றைய வாழ்வுக்குச் சாட்சி கூறவும், வேலை கிட்டாதபொழுது வேறு வழி தேடித் தரவும் நாம் ஆயத்தமாயிருப்போமா என்பதே இப்பொழுது நம் முன் நிற்கும் வினா.